பதினாறாம் நாள் முடிந்த பிறகு: துக்கத்தில் இருப்பவர் தன்னைப் பார்த்துக்கொள்ளும் வழிகள்

சாவு விழுந்த வீட்டில் முதல் பதினாறு நாளும் ஆளிருக்கும். அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. சம்பந்தி வீட்டுச் சாப்பாடு, பங்காளி வீட்டுச் சாப்பாடு என்று தூக்குவாளியில் வந்துவிடும். யாராவது ஒரு பெரியம்மா டம்ளரைக் கையில் திணித்து, "ரெண்டு முழுங்கு குடிம்மா, அப்புறம் அழுவலாம்" என்பார். கருமாதி முடிந்து, பந்தலைப் பிரித்து, நாற்காலிகளை வண்டியில் ஏற்றியதும் நெய்வேலிக்காரர்கள் டவுன்ஷிப்புக்கும் சென்னைக்காரர்கள் ஈ.சி.ஆர். பஸ்ஸுக்கும் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கடினமான பகுதி அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

ஊர் அந்தப் பதினாறு நாளும் மூன்று வேலை செய்தது. சாப்பிட வைத்தது, பக்கத்தில் உட்கார்ந்தது, கணக்குக் கேட்காமல் அழவிட்டது. ஆட்கள் போன பிறகு இந்த மூன்றையும் உங்களுக்கு நீங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அது தானாக வந்துவிடாது, பழக வேண்டும். பழகும் முறையையும், கடலூர், புதுச்சேரிப் பக்கம் உதவிக்கு எங்கே போகலாம் என்பதையும் இங்கே தருகிறோம்.

அதற்கு முன் ஒன்று. "அவரோட நானும் போயிருக்கலாம்" என்ற நினைப்பு துக்கத்தில் பலருக்கும் வந்துபோகும். அதோடு ஒரு நாளோ, இடமோ, வழியோ மனதில் சேர்ந்துவிட்டால் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு 14416-ஐ அழையுங்கள். இது 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை. இரவு பகல் எந்நேரமும் தமிழில், கட்டணம் இல்லாமல் பேசலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் இதே எண்தான். வீட்டில் ஒருவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "எனக்குச் சாவணும்னு தோணுது. இன்னைக்கு ராத்திரி என்னைத் தனியா விடாத." சுற்றி வளைத்துச் சொன்னால் கேட்பவருக்குப் புரியாமல் போய்விடும். வயலுக்கு வாங்கி வைத்த மருந்து, இறந்தவர் விட்டுப்போன மாத்திரைகள், இரண்டையும் இன்றே வேறு வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இந்த எண்ணத்தின் உச்சம் பல நேரம் சிறிது நேரத்தில் தணியக்கூடியது. கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் அந்த நேரத்தைக் கடந்துவிடலாம். விபரீதம் ஏதாவது நடந்துவிட்டால் 108. போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

முதலில் வயிறு

துக்கத்தில் பசி தெரியாது, தாகமும் தெரியாது. இரண்டு மூன்று நாள் காபியிலேயே ஓடிவிடும். அதனால் வரும் தலைசுற்றலும் படபடப்பும் கை நடுக்கமும் பார்ப்பதற்கு மனசுக் கோளாறு மாதிரியே இருக்கும். அதனால் பசி வரட்டும் என்று காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள்: காலை 8, பகல் 12, மாலை 4, இரவு 8. நான்கு வேளையும் சாப்பாடாக இருக்க வேண்டியதில்லை, ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் மோரும் ஒரு வேளைதான்.

சமைக்கவே கை வராத நாளுக்கு ஒரு கஞ்சி. அரை டம்ளர் நொய், இரண்டு ஸ்பூன் பாசிப்பருப்பு, நாலு பல் பூண்டு, அரை ஸ்பூன் சீரகம், நாலு டம்ளர் தண்ணீர். குக்கரில் ஐந்து விசில் விட்டு, ஆவி அடங்கியதும் உப்புப் போட்டு மசித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இரண்டு வேளைக்கு வரும். பாதியை அப்போதே குடித்துவிட்டு, மீதியைச் சூடாக ஃபிளாஸ்கில் ஊற்றிவைத்தால் மதியம் அடுப்புப் பக்கம் போக வேண்டாம். மோரை மட்டும் குடிக்கும் நேரத்தில் கலந்துகொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் நொய்யைப் பாதியாகக் குறைத்துப் பருப்பைக் கூட்டுவது நல்லது.

அடுத்து மாத்திரை. நோயாளியைப் பல மாதம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர்கள் தங்கள் சர்க்கரை, பிரஷர், தைராய்டு மாத்திரைகளை விட்டுவிடுவது மிக மிகச் சாதாரணம். இப்போதே அட்டையை எடுத்து எத்தனை மீதி என்று எண்ணிப் பாருங்கள். இருக்க வேண்டியதைவிட அதிகம் இருந்தால், பல நாள் விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். விட்டதையெல்லாம் சேர்த்துப் போடக் கூடாது. பிரஷரும் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, டாக்டர் சொல்கிறபடி மறுபடி தொடங்குங்கள்.

தூக்கம் உடனே சரியாகாது. சரியாக்க முடிவது எழும் நேரத்தை மட்டும்தான். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை 6 மணிக்கு எழுந்து, திண்ணையிலோ மாடியிலோ இருபது நிமிடம் வெளிச்சத்தில் உட்காருங்கள். இரண்டு வாரம் விடாமல் செய்தால் இரவுத் தூக்கம் மெல்ல ஓர் ஒழுங்குக்கு வரத் தொடங்கும். கடைசிக் காபி பகல் 2 மணிக்குள். படுத்து இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். படுக்கையிலேயே புரண்டு அழுது பழகினால் படுக்கையைப் பார்த்தாலே மனம் விழித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு அக்காவின் தூக்க மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள். அந்த வகை மாத்திரைகள் பலவும் சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும்.

சாராயமும் பிராந்தியும் அப்படித்தான். புதுச்சேரியில் மது கிடைப்பது சுலபம், சாவு எடுத்த வீட்டில் ஆண்களுக்குக் குடி என்பதும் வழக்கமாக இருக்கிறது. குடித்தால் சீக்கிரம் தூக்கம் பிடிக்கும், ஆனால் பின்னிரவில் விழிப்பு வந்து நெஞ்சுப் படபடப்போடு உட்கார வைக்கும். மனச்சோர்வையும் அது ஆழமாக்கும். தினமும் குடித்துப் பழகியவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம் என்பதால் டாக்டர் துணையோடு நிறுத்த வேண்டும்.

உங்களிடம் நீங்கள் பேசும் விதம்

ஒரு நாள் முழுக்க உங்களுக்குள் ஓடும் பேச்சைக் கவனியுங்கள். "இன்னும் குளிக்கல, வெக்கமா இல்ல?" "புள்ளைங்களுக்குச் சோறாக்காம படுத்துக் கெடக்குற." "நீ ஒழுங்கா பார்த்திருந்தா அவர் போயிருப்பாரா?" இதே வார்த்தைகளைத் துக்கம் கேட்க வந்த ஒருவர் உங்கள் முகத்துக்கு நேரே சொன்னால் அவரோடு பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கும். உள்ளிருந்து வருவதால் அதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம்.

தன்மீது இரக்கம் கொள்வதை முறையாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப். 2003-இல் அவர் அதை மூன்று பகுதிகளாக விளக்கினார்: வலியை மறைக்காமலும் ஊதிப் பெரிதாக்காமலும் பார்ப்பது, இது எனக்கு மட்டும் வந்ததில்லை என்று உணர்வது, வேண்டியவரிடம் காட்டும் கனிவைத் தன்னிடமும் காட்டுவது. செய்முறைக்கு ஐந்து நிமிடம் போதும்.

சுவரில் சாய்ந்து உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் படட்டும். ஒரு கையை நெஞ்சின் மேல் வையுங்கள், கையின் சூடு தெரியும்வரை காத்திருங்கள். இப்போது என்ன நடக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: "தொண்டை அடைக்குது, அவர் ஞாபகம் வருது." காரணம் சொல்ல வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். அடுத்த வாக்கியம்: "புருஷன பறிகொடுத்தவங்க எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்." அம்மாவோ பிள்ளையோ, உங்களுக்கு யாரோ அவரைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, இதே நிலையில் உங்கள் தங்கை வந்து உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வீர்களோ அதை, வீட்டில் உங்களைக் கூப்பிடும் பெயரைச் சொல்லி, வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொல்லுங்கள். "செல்வி, இன்னைக்கு முடியலன்னா பரவால்ல. கஞ்சிய மட்டும் குடிச்சிட்டுப் படு. துணி நாளைக்குத் துவைக்கலாம்." மேடைத் தமிழில் சொன்னால் ஒட்டாது. "நான் வலிமையானவள்" மாதிரி வாசகங்களும் வேண்டாம். உடைந்துபோயிருக்கும் நேரத்தில் மனம் அதை நம்பாது, நம்ப முடியவில்லையே என்று இன்னொரு குற்றச்சாட்டும் சேரும்.

இதில் தவறிப்போகும் இடங்கள் சில உண்டு. முதல் வாரம் நடிப்பு மாதிரி இருக்கும். இருக்கட்டும், சொல்லிக்கொண்டே வாருங்கள். சிலருக்குக் கையை நெஞ்சில் வைத்ததும் படபடப்பு கூடும். அவர்கள் முழங்கால் மேலோ கன்னத்திலோ வைக்கலாம். இன்னும் சிலருக்கு அன்பான சொல் விழுந்த உடனே அணை உடைந்த மாதிரி அழுகை வரும், பழைய காயங்களும் சேர்ந்து மேலே வரும். பயிற்சி தப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்திவிடுவது பெரும்பாலும் இங்கேதான். வெகுநாள் கனிவே கிடைக்காத மனம் முதல்முறை அதைக் கேட்கும்போது அப்படித்தான் ஆகிறது. கண்ணைத் திறந்து, ஈரத் துணியையோ குளிர்ந்த சொம்பையோ கையில் பிடித்துக்கொண்டு, அறையில் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள். மறுநாள் ஒரு நிமிடம் மட்டும் செய்யுங்கள், பிறகு மெல்லக் கூட்டலாம். கொஞ்சம் நிம்மதி வந்ததும் "அவரை மறந்துட்டேனோ" என்ற பதற்றமும் வரலாம். அதையும் அதே மூன்று வாக்கியங்களில் எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஜிப்மருக்கு முன்னாடியே கூட்டிட்டுப் போயிருந்தா..."

கடலூர், விழுப்புரம், புதுச்சேரிக் குடும்பங்களில் ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் இந்த வாக்கியம் ஏதோ ஒரு வடிவில் வரும். முதலில் தனியார் ஆஸ்பத்திரி போனது தப்பா, ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் கோரிமேட்டுக்கு நேரே போயிருக்க வேண்டுமா, அன்று பைக்கை எடுத்துப் போக விட்டிருக்கக் கூடாதா. துக்கத்தை நோயாக மாற்றுவதில் இந்தக் குற்ற உணர்வுக்குப் பெரிய பங்கு உண்டு. "உன்மேல தப்பு இல்ல" என்று பத்துப் பேர் சொன்னாலும் தீராது. எழுதிப் பார்த்தால்தான் அவிழும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இடது பக்கத்தின் தலைப்பில் "அன்னைக்குத் தெரிஞ்சது" என்றும் வலது பக்கத்தில் "அப்புறம் தெரிஞ்சது" என்றும் எழுதுங்கள். நேரத்தோடு எழுத வேண்டும். இடது பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ராத்திரி 11 மணி. நெஞ்சு எரியுதுன்னார். மத்தியானம் பிரியாணி சாப்பிட்டிருந்தார். போன மாசமும் இதே மாதிரி சொல்லி, ஜெலுசில் குடிச்சதும் சரியாச்சு. ஓமத்தண்ணி குடுத்தேன். 'தூங்கினா சரியாயிடும், நீ படு'ன்னு அவரே சொன்னார்." வலது பக்கம்: "அது மாரடைப்பு. மறுநாள் டாக்டர் சொன்னார்."

இப்போது வலது பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு இடது பக்கத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். இவ்வளவு மட்டும் தெரிந்த ஒருத்தி அந்த ராத்திரியில் என்ன செய்திருப்பாள்? வலது பக்கத்தில் இருப்பதைக் கொண்டுதான் நாம் இடது பக்கத்தில் இருந்தவளைத் தண்டித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு தடவையில் இது மனதில் இறங்காது. குற்றச்சாட்டு வரும்போதெல்லாம் அதே பக்கத்தை எடுத்துப் படியுங்கள். புதிதாக எழுதத் தேவையில்லை. புதிதாக எழுதினால் ஒவ்வொரு முறையும் வழக்கை மறுபடி நடத்துவதாக ஆகிவிடும். ராத்திரி 9 மணிக்கு மேல் நோட்டைத் திறக்கவும் வேண்டாம்.

எழுதும்போது உண்மையிலேயே ஒரு தவறு தெரியவரலாம். கடைசி நாள் சண்டை போட்டிருப்பீர்கள், போனை எடுக்காமல் இருந்திருப்பீர்கள். அதை இல்லை என்று சொல்லி மறைக்காதீர்கள், மறைத்தால் உள்ளேயே புண்ணாகும். இறந்தவருக்கு ஒரு பக்கம் கடிதம் எழுதுங்கள், என்ன செய்தீர்களோ அதை நேராகச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். பிறகு அவர் விரும்பியிருக்கக்கூடிய ஒரு வேலையைத் தொடர்ந்து செய்யுங்கள்: அவர் தம்பி பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டுச் செலவோ, வருஷா வருஷம் ஒரு வேளை அன்னதானமோ. ஒரு சண்டை முப்பது வருஷ உறவுக்கு அளவுகோல் ஆகாது என்பதையும் கடிதத்தின் கடைசி வரியாக எழுதிவிடுங்கள்.

அழவும் நேரம், அடுப்பு வேலைக்கும் நேரம்

துக்கம் ஐந்து படிகளில் ஏறி முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஐந்து நிலைகளை எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் சொன்னது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பார்த்து. இழந்தவர்கள் அதே வரிசையில் போவார்கள் என்று எதிர்பார்த்தால் "நான் மட்டும் பின்தங்கிட்டேனா" என்ற வீண் கவலைதான் மிஞ்சும். நடப்பதற்கு நெருக்கமாக இருப்பது, நெதர்லாந்தில் பணியாற்றிய மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் இருவரும் 1999-இல் சொன்னது: மனம் இழப்புக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் நடுவே மாறி மாறிப் போய்வரும், அந்தப் போக்குவரத்துதான் ஆற்றுகிறது. காலையில் அழுதுவிட்டு மதியம் டி.வி. பார்த்துச் சிரித்தால் அதில் துரோகம் எதுவும் இல்லை.

அழுவதற்கு என்று தினமும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். படத்தை எடுத்து வையுங்கள், அவர் சட்டையை மடியில் போட்டுக்கொள்ளுங்கள், போனில் இருக்கும் குரலைக் கேளுங்கள். ஒப்பாரி தெரிந்த ஆயா வீட்டில் இருந்தால் அவரோடு சேர்ந்து பாடுங்கள். மனதில் இருப்பதைப் பெயர் சொல்லி, முறை சொல்லி வெளியே கொண்டுவர அதைவிட நல்ல வழி நம்மிடம் குறைவு. இருபது நிமிடம் முடிந்ததும் முகம் கழுவி, முன்பே எழுதிவைத்த ஒரு சிறு வேலைக்குப் போய்விடுங்கள். இந்த நேரத்தைப் படுக்கப் போகும் முன் வைக்காதீர்கள், மாலை 5 மணி வாக்கில் இருந்தால் நல்லது. குரல் பதிவுகளை வேறு ஒரு போனிலோ பென் டிரைவிலோ படி எடுத்து வையுங்கள். போன் கெட்டு அந்தக் குரல் போனால் அது இரண்டாவது சாவாகிவிடும்.

காற்று வாங்கக் கடற்கரைக்குப் போகச் சொல்வது இந்த ஊர்களில் சுலபமான யோசனை. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையும் பலருக்கு உதவுகின்றன. ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கும், தொழிலுக்குப் போன படகு திரும்பாத வீட்டுக்கும் அந்த அலைச் சத்தமே வேதனை. அவர்கள் கெடிலம் ஆற்றங்கரையோ கோயில் பிராகாரமோ போகலாம், யாரும் கடலுக்கு இழுத்துப் போக வேண்டாம்.

உடல் கிடைக்காத வீடுகளின் துக்கம் தனி வகை. கருமாதி செய்வதா வேண்டாமா, பொட்டு வைப்பதா எடுப்பதா என்று எதுவும் முடிவாகாது. சட்டம்கூட, ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாத நிலையில்தான் பொதுவாக ஒருவரை இறந்தவராகக் கருதுகிறது. இந்த நிலையில் "நம்பிக்கையை விடு" என்றும் சொல்லக் கூடாது, "வந்துடுவார்" என்றும் சொல்லக் கூடாது. "வரலாம், வராமலும் போகலாம், இன்னைக்கு எனக்குத் தெரியாது" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழகுவதுதான் இவர்களுக்கு ஆறுதலின் முதல் படி. ஒரு விளக்கு ஏற்றுவது மாதிரி சிறு சடங்கை, முடிவு எதுவும் எடுக்காமலேயே செய்யலாம்.

எதிலும் நாட்டம் இல்லாமல் சோர்ந்து கிடக்கும் நாட்களுக்கு விதி ஒன்றுதான்: மனசு வந்த பிறகு வேலை என்று காத்திருந்தால் மனசு வராது, வேலை செய்தால் பின்னால் கொஞ்சம் வரும். ஒரு நாளைக்கு இரண்டே வேலை எடுங்கள், ஒன்று உடம்புக்கு, ஒன்று ஆளுக்கு. குளிப்பது ஒன்று, அக்காவிடம் ஐந்து நிமிடம் போனில் பேசுவது இன்னொன்று. செய்வதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனாலே அந்த வேலை பலன் தருகிறது என்று பொருள், அதை வைத்துக்கொள்ளுங்கள். நல்லா இருக்கும் ஒரு நாளில் வீடு முழுக்க ஒட்டடை அடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. நல்ல நாளிலும் இரண்டே வேலைதான்.

பேப்பர் வேலைக்கும் அதே அளவு. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதை உறவில் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். வாரிசுச் சான்று, வங்கி, பென்ஷன் என்று மற்றதெல்லாம் வாரத்துக்கு ஒன்று. வீட்டை விற்பது, நகையை மாற்றுவது மாதிரி திரும்பப் பெற முடியாத முடிவுகளை முடிந்தவரை முதல் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

சொந்தக்காரர் வாய்

அன்பாக வருகிற சொல்லும் சில நேரம் குத்தும். "இன்னுமா அழுவுற?" என்றால் "ஆமாம் சித்தி, இன்னும் அழுகை வருது. கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க, போதும்" என்று சொல்லலாம். "நீ கொஞ்சம் கவனிச்சிருக்கலாம்" என்பவருக்கு "இதைப் பத்திப் பேச இப்ப எனக்குத் தெம்பு இல்ல மாமா" என்ற ஒரே வாக்கியம். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் விசாரணை ஆகிவிடும். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று கேட்பவரிடம் "ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதற்குப் பதில் நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள்: "புதன்கிழமை சாயந்திரம் புள்ளைய டியூசன்ல இருந்து கூட்டிட்டு வரீங்களா?" பொட்டு, பூ, வண்ணப் புடவை விஷயத்தில் முடிவு உங்களுடையது. எடுக்க மனமில்லாதவரை எடுக்க வைப்பதும் எடுத்தவரைக் குறை சொல்வதும் ஒரே அளவு கொடுமை.

தேதிகளுக்கு முன்கூட்டியே தயாராகுங்கள். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, முதல் தீபாவளி, பிறந்த நாள், கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கரையோரம் டிசம்பர் 26. தானே புயலில் இழந்தவர்களுக்கு டிசம்பர் கடைசி வாரம். ஒரு வாரம் முன்பே தலைவலியும் எரிச்சலும் தூக்கக் கேடும் தொடங்கும், காரணம் பிடிபடாது. காலண்டரில் அந்த வாரத்தைக் கோடு போட்டு வையுங்கள். அன்று யாரோடு இருப்பது, எங்கே போவது, பாதியில் கிளம்ப வேண்டி வந்தால் யார் கூட்டி வருவது, இந்த மூன்றையும் முன்னமே முடிவு செய்துவிடுங்கள்.

டாக்டரிடம் எப்போது

துக்கம் அலையாக வரும், நடுவே ஓயும். ஒரு பேரக்குழந்தையைப் பார்த்தால் முகம் மலரும். மனச்சோர்வில் அந்த இடைவெளி இருக்காது. நாள் முழுக்க, கிட்டத்தட்ட எல்லா நாளும், இரண்டு வாரமாக மனம் கனத்தோ எதிலும் பிடிப்பில்லாமலோ இருந்து, கூடவே தூக்கம், பசி, கவனம், உடல் வேகம் கெட்டு, "நான் எதுக்கும் லாயக்கில்ல, எல்லாருக்கும் பாரம்" என்றும் தோன்றினால் டாக்டரைப் பாருங்கள். துக்கத்தில் இருக்கும்போது மனச்சோர்வு நோயும் சேர்ந்து வரலாம், "புருஷன் செத்தா அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிவிட வேண்டாம். ஏக்கமே ஆளை முடக்கி அன்றாடம் நடக்காமல் நீடித்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதற்குக் குறைந்தது ஆறு மாதம் என்றும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்றும் கணக்கு வைக்கின்றன. நம் வழக்கத்திலும் முதல் வருஷ திதி வரை துக்கத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நினைவு வரும்போது இறந்தவர் குரல் கேட்பதும், வாசலில் செருப்புச் சத்தம் கேட்பதும் பலருக்கு நடப்பதுதான், பைத்தியம் இல்லை. அந்தக் குரல் உங்களைத் திட்டினாலோ, ஏதாவது செய்யச் சொன்னாலோ டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடலூரில் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மர் ஆகிய இடங்களில் மனநலப் பிரிவு இருக்கிறது. தாலுகா மருத்துவமனையில் கேட்டால் மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு அந்தப் பக்கம் எந்த நாளில் வருகிறது என்று சொல்வார்கள். வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்காதீர்கள். காலையிலேயே சாப்பிட்டுவிட்டு, துணைக்கு ஒருவரோடு, ஆதார், பழைய சீட்டு, இப்போது போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சித்த மருந்து உள்பட, எடுத்துப் போங்கள். உள்ளே போனால் இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கலாம், பேச்சு வராமல் அழுகை வந்துவிடும். அதனால் ஒரு தாளில் ஐந்து வரி எழுதி நீட்டுங்கள்: யார், எப்போது இறந்தார், எத்தனை மணி நேரம் தூக்கம், எடை குறைந்ததா, என்ன வேலை செய்ய முடியவில்லை, சாக வேண்டும் என்ற நினைப்பு உண்டா. "உடம்பு வலி, அசதி" என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு திரும்ப வேண்டிவரும். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் மனச்சோர்வு மாதிரியே காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதினால் எடுத்துவிடுங்கள்.

எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் எழுதப்பட்டால், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு வரலாம். சாப்பிட்ட பின் போட்டால் குமட்டல் குறையும். பலன் வராமல் தொந்தரவு மட்டும் தெரியும் இந்த நாட்களில்தான் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். இவை தூக்க மாத்திரையைப் போலப் பழக்கமாக்குபவை இல்லை, ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரும். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் தொடங்கினால் முதல் சில வாரங்களில் படபடப்போ சாகும் எண்ணமோ கூடுகிறதா என்று வீட்டார் கவனித்து, கூடினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நன்றாகிவிட்ட பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது அளவைப் படிப்படியாக அவரே குறைப்பார். ஒவ்வொரு முறை போகும்போதும் அந்த நாற்பது பக்க நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பத்துக்கு எத்தனை என்று எழுதிவைத்த எண்களைப் பார்த்து மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய டாக்டருக்கு அது உதவும்.